பாகூர் ஏரியைத் தேடியபோது: ஒரு புவிசார் தரவு அட்டவணையின் மதிப்புரை

தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து, தமிழ்நாட்டைக் கடந்து, கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் அதன் நீரைப் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளத்துக்குப் பின் இங்குள்ள தாழ்நிலங்களை வரைபடமாக்க முனைந்தபோது, மூன்று அரசுகளின் எந்தத் துறையிடம் எந்தத் தரவு இருக்கிறது என்பதே எனக்கு முதல் கேள்வியாக நின்றது. அதற்காக நாடு தழுவிய புவிசார் மெட்டாடேட்டா தளம் (எந்தத் தரவு யாரிடம், எந்த இடத்துக்கு உள்ளது என்ற விவரங்களின் அட்டவணை) ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

வரைபடத்தின் மேல் கட்டம் வரைந்து தேடும் வசதி இத்தளத்தின் பெரிய பலம். துறைகளின் பெயர் தெரியாதவரும் ஏரியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால், அங்குள்ள மண், நீர், நிலப்பயன்பாட்டுப் பதிவுகள் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால், புதுச்சேரி இந்தக் கட்ட முறையையே சோதித்துவிடுகிறது. இந்த ஒன்றியப் பகுதி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதால், நான்கையும் ஒரே கட்டத்தில் அடைத்துப் பதிவு செய்தால் அது கேரளக் கரையிலிருந்து ஆந்திரக் கரை வரை நீண்டுவிடுகிறது. சோதித்துப் பார்க்கப் பெங்களூரின் மேல் கட்டம் வரைந்தேன். புதுச்சேரிப் பதிவுகள் வந்தன. புவிசார் மெட்டாடேட்டாவுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 19115 ஒரு பதிவுக்குப் பல கட்டங்களையும், உண்மையான எல்லைக்கோட்டையும் அனுமதிக்கிறது. ஆகவே குறை தரநிலையில் இல்லை, பதிவை நிரப்பியதில்தான் இருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது டேட்டம் பகுதி, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளை எந்தப் பூமி மாதிரியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்ற குறிப்பு, பல பதிவுகளில் வெறுமையாக இருப்பதுதான். பழைய நிலவரைபடத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியைப் பின்பற்றுகிறது. இரண்டையும் மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். ஏரிக்கரை அடுத்த வயலில் போய் நிற்கும். வெள்ள வரைபடத்தில் இந்தப் பிழை யார் வீட்டை எந்தப் பக்கம் காட்டும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

தமிழில் தேட வழியில்லை. சுவிட்சர்லாந்தின் இதேபோன்ற தளமான ஜியோகேட் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம் ஆகியவற்றில் இயங்குவதைப் பார்க்கையில், நமக்கும் அது எட்டாததாகத் தோன்றவில்லை.

இத்தளத்தை நாடுவோர் ஊர்ப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2006-இல் பெயர் மாறியதால் பாண்டிச்சேரி, புதுச்சேரி என இரண்டையும் இட்டுத் தேடுங்கள். பழைய நிலவரைபடத் தாள்களுக்கு 58எம்/13 போன்ற தாள் எண்களையும், புதிய வரைபட வரிசைக்கு சி44 எனத் தொடங்கும் எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய பதிவுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் கிடைத்தன.