சம்மர் ஸ்கூலுக்கு ரூம் போட்டுத் தருகிறோம் என்று மெயில் வந்தால்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கும் சம்மர் ஸ்கூல், கோடைப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றுக்கு இந்த வருஷம் தேர்வாகியிருக்கிறவர்கள், தங்குமிடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி ரூம் விற்கிற ஒரு கும்பலிடம் நான் பணத்தை இழந்திருக்கிறேன். அதே பயிற்சிக்கு வந்த வேறு சிலரும் இழந்தார்கள். யாரும் கையில் காசு வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. எல்லோருமே ஆராய்ச்சி உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள்.

தேர்வுக் கடிதம் வந்தபோது அதில் “தங்குமிட விவரங்கள் பின்னர் தெரிவிக்கப்படும்” என்று ஒரு வரி இருந்தது. அதன் பிறகு பயிற்சியின் இணையப் பக்கத்தில் தேர்வானவர்கள் பட்டியலைப் போட்டார்கள். பெயர், படிக்கிற நிறுவனம், ஆய்வுத் துறை, அவ்வளவுதான். மெயில் முகவரி இல்லை. ஆனால் பெயரும் நிறுவனமும் தெரிந்தால் முகவரியைப் பிடிப்பது ஒரு வேலையா? துறையின் பக்கத்தில் இருக்கும், நாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தின் அடியிலேயே இருக்கும்.

கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் பயிற்சியின் பெயரும் “தங்குமிடப் பிரிவு” என்ற சொல்லும். தேதிகள் சரி, லோகோ சரி, வளாகத்தின் வரைபடம்கூட இணைத்திருந்தார்கள். வளாகத்துக்குள் உள்ள அறைகள் நிறைந்துகொண்டிருக்கின்றன, பங்கேற்பாளர் கட்டணம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று செய்தி. கடிதத்தில் சொன்னபடி விவரம் வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுநாள் போனும் வந்தது. மரியாதையான குரல், அவசரமே இல்லை. விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டார். இரவு நேரமானால் சாவியை வாயில் காவலரிடம் விட்டுவைக்கிறோம், கவலைப்படாதீர்கள் என்றார். உண்மையான அலுவலகங்கள் இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, இது ஒரு அடையாளம்.

படிவத்தில் கார்டு விவரம் கேட்கும் கட்டம் இருந்தது. நிரப்பினால் “தற்போது கார்டு வசதி இல்லை” என்று வந்தது. வங்கி வழியாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியதும் வவுச்சர் வந்தது: விடுதிக் கட்டடத்தின் பெயர், அறை எண், க்யூஆர் கோட் எல்லாவற்றுடனும்.

போய் இறங்கிய மாலை விடுதி மேசையில் அந்த வவுச்சரை நீட்டினேன். அங்கிருந்த பெண் பட்டியலில் தேடினார், என் பெயர் இல்லை. வவுச்சரில் இருந்த கட்டடம் உண்மையிலேயே அந்த வளாகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடை முழுவதும் பராமரிப்பு வேலைக்காக மூடிவைத்திருந்தார்கள். “இந்த மாதிரித் தாளோடு நீங்கள் முதல் ஆள் இல்லை” என்றார் அவர். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அன்று இரவுக்கு மட்டும் ஒரு அறையைத் திறந்துவிட்டார். மறுநாளிலிருந்து வளாகத்துக்கு வெளியே, பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு இடத்தை நானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பணம் போனது ஒரு பக்கம். தங்கிப் படிக்கும் பயிற்சியில் எல்லாமே அந்த அறைப் பதிவோடுதான் கட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறக்கும் கார்டிலேயே உணவுக்கூடக் கணக்கு. அதே கார்டில்தான் இரவு நேர ஆய்வக அனுமதி. விருந்தினர் வைஃபை கணக்கும் விடுதிப் பதிவிலிருந்துதான் வரும். நமக்கு எடுரோம் (சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே மற்ற பல்கலைக்கழகங்களிலும் வைஃபை தரும் ஏற்பாடு) இருந்தால் வைஃபை மட்டும் தப்பிக்கும். பதிவில் பெயர் இல்லையென்றால் வகுப்பில் உட்காரலாம், மற்ற எதிலும் நீங்கள் வெளி ஆள். மாலைக்குப் பிறகு நடக்கும் பயிற்சி அமர்வுகள்தான் அந்த சம்மர் ஸ்கூலின் உயிர், அதற்காகத்தான் விண்ணப்பித்தேன். கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போக வேண்டியதாயிற்று.

அப்புறம் ரூம் விற்ற அந்த ஏஜென்ட்டோடு நடந்த கூத்து. முதலில், விடுதிதான் தவறு செய்துவிட்டது என்றார்கள். பிறகு, வவுச்சரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்: தாங்கள் “முன்பதிவுக்கு உதவும் சேவை” மட்டுமே, அறை கிடைப்பதற்குப் பொறுப்பில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போன் எண் உயிரை விட்டது. என் வங்கியில் எழுதிக் கொடுத்தேன். ரீகால், அதாவது அனுப்பிய பணத்தை எதிர் வங்கியிடம் திரும்பக் கேட்பது, அதைச் செய்து பார்க்கிறோம் என்றார்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகு ரீகால் என்பது ஒரு வேண்டுகோள்தான். வாங்கியவர் சம்மதிக்கவில்லை என்றால் எதிர் வங்கி கையை விரித்துவிடும். விரித்தது.

இதெல்லாம் புதுசு இல்லை என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. பெரிய மாநாடுகளில் இந்த ஆட்களை ஹவுசிங் பைரேட்ஸ் என்றே சொல்கிறார்கள், தங்குமிடக் கொள்ளையர்கள். பேச்சாளர் பட்டியல், பங்கேற்பாளர் பட்டியல் எது வெளியே வந்தாலும் அதைச் சேகரித்து ஒவ்வொருவராக மெயில் அனுப்புவார்கள், போன் போடுவார்கள். பல அறிவியல் சங்கங்கள் தங்கள் மாநாட்டுப் பக்கத்தில் இதற்கென்று தனி எச்சரிக்கையே வைக்கின்றன. சில ஆட்கள் உண்மையில் ஏதோ ஒரு அறையைக் கூடுதல் விலைக்குப் பிடித்துக் கொடுப்பார்கள், கேன்சல் செய்ய விடமாட்டார்கள். சிலர் எதையும் கொடுக்கமாட்டார்கள். எனக்கு வாய்த்தது இரண்டாவது வகை. சம்மர் ஸ்கூல்கள் இன்னும் சுலபமான இரை, ஏனென்றால் வருகிறவர்களில் பலருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம்.

இதில் பணத்தைவிட மோசமான ஒன்று விசா. ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) எங்கே தங்கப்போகிறோம் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு பங்கேற்பாளர் இதே ஆட்களின் வவுச்சரைத் தூதரகத்தில் கொடுத்திருக்கிறார். அங்கே சரிபார்த்திருக்கிறார்கள். தங்கும் நோக்கம், ஏற்பாடு பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்து மறுத்துவிட்டார்கள். அவர் பயிற்சிக்கே வரவில்லை, குழு மெயிலில்தான் எனக்குப் பழக்கம். ஷெங்கன் நாடுகளின் விசாத் தகவல் தொகுப்பில் அந்த மறுப்பு 5 ஆண்டு வரை இருக்கும். அடுத்த விண்ணப்பத்தில் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே விசாவுக்கு வைக்கிற தாள் பயிற்சி அலுவலகமோ பல்கலைக்கழக விடுதி அலுவலகமோ நேரடியாகக் கொடுத்ததாக இருக்கட்டும். அழைப்புக் கடிதத்திலேயே “தங்குமிடம் எங்களால் வழங்கப்படுகிறது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை” என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

பயண உதவித்தொகையும் அப்படித்தான். பில் பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை என்று என் நிதியாளர் அந்தச் செலவை ஏற்கவில்லை. அவர்கள் விதிப்படி அது சரிதான், அதனால் வாதாட எதுவும் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மெயிலின் அழகைப் பார்த்து முடியாது. முதலில் அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள், அதிலும் @ குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் முன்னால் எங்கோ ஒட்டியிருந்து, முடிவில் வேறு டொமைன் (இணையத்தில் பதிவு செய்த பெயர்) இருந்தால் அது பல்கலைக்கழகம் இல்லை. டாட் எடு (.edu) என்று முடியும் முகவரியை 2001-க்குப் பிறகு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள், அது ஓரளவு பாதுகாப்பு. ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்கள் நாட்டின் குறியீட்டில் முடியும் சாதாரண டொமைனைத்தான் வைத்திருக்கின்றன. அதே முடிவோடு யாரும் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், ஆகவே அங்கே முடிவை மட்டும் பார்த்துப் பயனில்லை. டொமைன் எப்போது பதிவானது என்பதைப் பல நேரம் ஐகேன் (இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு, ICANN) நடத்தும் தேடல் பக்கத்திலேயே பார்க்கலாம். எனக்கு மெயில் அனுப்பிய டொமைன் அந்த வசந்த காலத்தில்தான் பிறந்திருந்தது. நூற்றாண்டு பழைய பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவு!

வங்கி விவரம் இன்னும் நன்றாகப் பேசும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியைக் குறிக்கும் ஸ்விஃப்ட் கோட் 8 அல்லது 11 எழுத்து இருக்கும். அதில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். ஐபான் (IBAN) என்ற சர்வதேசக் கணக்கு எண்ணில் முதல் இரண்டு எழுத்துகள் நாடு. பல்கலைக்கழகம் ஒரு நாட்டில், கணக்கு வேறு நாட்டில், கணக்கின் பெயரோ ஏதோ ஒரு தனியார் கம்பெனி என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெயர் பொருந்தவில்லை என்றால் வங்கி தடுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் 2020 முதலும் யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதலும் பெறுபவர் பெயரைச் சரிபார்த்துச் சொல்லும் ஏற்பாடு வந்திருக்கிறது, ஆனால் அது அங்குள்ள வங்கிகளுக்குள் நடக்கிற பரிமாற்றத்துக்கு. வெளியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக அனுப்புகிற நமக்கு அதை நம்பி இருக்க முடியாது.

கார்டில் கட்ட முடிந்தால் கார்டிலேயே கட்டுங்கள். சேவை கிடைக்கவில்லை என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்கலாம். விசா கார்டு, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு, உங்கள் வங்கி அதற்கும் குறைவாக வைத்திருக்கலாம். இந்த ஆட்கள் கார்டைத் தவிர்ப்பதற்குக் காரணமே இதுதான்.

எல்லாவற்றையும்விட எளிய வழி: வந்த மெயிலுக்குப் பதில் போடாமல், தேர்வுக் கடிதத்தில் இருக்கும் முகவரிக்குத் தனியாக ஒரு மெயில் போட்டு “இது உங்கள் ஆட்களா?” என்று கேட்பது. கோடையில் மாணவர்கள் காலி செய்த விடுதிகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஒரே ஒரு அலுவலகம்தான் கொடுக்கிறது. பதிவுத் தளத்துக்குள் நீங்கள் நுழைந்து நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். நம் விமானம் எப்போது இறங்கும் என்று அவர்கள் போன் போட்டு விசாரிப்பதை நான் பார்த்ததில்லை.

அப்படிக் கேட்கும்போதே மற்றவற்றையும் கேட்டுவிடுங்கள். எந்தத் தேதி எத்தனை மணிக்குள் சாவி வாங்க வேண்டும், பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய இரவு அறை உண்டா, முடிந்த நாள் இரவு தங்கலாமா, படுக்கை விரிப்பு கொடுப்பார்களா, உணவுக்கூடம் வார இறுதியில் திறக்குமா. ஏமாறாமல் உண்மையான அறை கிடைத்தவர்களிலேயே சிலர் ஞாயிறு இரவு பூட்டிய மேசைக்கு முன்னால் பெட்டியோடு நின்றார்கள்.

பயிற்சி அலுவலகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முந்தைய ஆண்டே இதே போன்ற புகார் வந்திருக்கிறது, அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எச்சரிக்கை எங்கே இருந்தது தெரியுமா? வருகைக் கையேட்டின் நடுவில், வாகன நிறுத்தம் பற்றிய பத்திக்குக் கீழே, ஒரு வரி. அந்தக் கையேடு வந்தது நான் பணம் அனுப்பிய பிறகு. தேர்வுக் கடிதத்திலேயே “நாங்கள் எந்த ஏஜென்ட்டையும் வைத்திருக்கவில்லை” என்று எழுதியிருந்தால் போதும், செலவில்லாத வேலை. “மூன்றாம் தரப்பினரின் செயலுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று எனக்குப் பதில் எழுதினார்கள். பட்டியலைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்தானே? அடுத்த தடவையாவது பெயர்களைப் பொதுவில் போடாதீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால், அன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் கைமாறுவதற்கு முன்னால் நிறுத்த முடிவது அந்தச் சில மணி நேரத்தில்தான். உங்கள் ஊர் சைபர் குற்றப் பிரிவில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், வங்கியும் நிதியாளரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வவுச்சரை விசா விண்ணப்பத்தில் சேர்த்திருந்தால், அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே தூதரகத்துக்கு எழுதிச் சரியான ஆதாரத்தைக் கொடுங்கள். பயிற்சி அலுவலகத்துக்கு அந்த மெயிலை அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாமல், மூல மெயிலையே இணைப்பாக அனுப்புங்கள். எந்த சர்வரிலிருந்து வந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கும். அதை வைத்துத்தான் அவர்களின் கணினிப் பிரிவு மற்றவர்களுக்குப் போகும் மெயிலைத் தடுக்க முடியும்.