ஊட்டிக் குளிரில் மூன்று வருடம்: பாப்பாவுக்கு நைலான் போட்ட அனுபவம்

எங்கள் வீடு ஊட்டி காந்தலில். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி உறைபனி படிந்திருக்கும். பாப்பா பிறந்தது அக்டோபர் கடைசியில். அந்த முதல் குளிருக்கு அவசர அவசரமாக வாங்கியதில் முக்கால்வாசி நைலான்: பஞ்சு வைத்த ஜாக்கெட், ஆறு ஜோடி சாக்ஸ், ஒரு வலைத் தொட்டில். "பச்சப் புள்ளைக்குப் போயி பிளாஸ்டிக்கப் போடறியே" என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். இப்போது பாப்பாவுக்கு மூன்று வயது.

ஜாக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்குக் குறை இல்லை. ஜூன், ஜூலை மழையில் இங்கே பருத்தித் துணி மூன்று நாளானாலும் காயாது. கொடியிலேயே மக்கிய வாடை வந்துவிடும். நைலான் ஜாக்கெட்டை ராத்திரி அலசிப் போட்டால் மறுநாள் மத்தியானம் போட்டுவிடலாம். சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி 8 கிராம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம்தான் பிடிக்கும். சீக்கிரம் காய்வதற்கு அதுதான் காரணம்.

ஆனால் வேர்வையையும் அது உறிஞ்சாமல் உடம்பிலேயே விட்டுவிடும். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது கோயம்புத்தூர் கிளம்பினோம். ஊட்டியில் போட்ட ஜாக்கெட்டைக் கழற்ற மறந்து, பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் வந்தபிறகுதான் கவனித்தேன். பாப்பா கத்திக்கொண்டே வந்தது பசியால் என்று நினைத்திருந்தேன். உள்ளே சட்டை தொப்பல், கழுத்து மடிப்பில் செக்கச்செவேல் என்று வேர்க்குரு. அதற்கப்புறம் குன்னூர் வந்ததுமே ஜாக்கெட்டைக் கழற்றிவிடுகிறோம். கை, கால் ஜில்லென்று இருப்பதைப் பார்த்து இன்னொரு துணி போடுவதையும் நிறுத்திவிட்டேன். பிடரியைத் தொட்டுப் பார்ப்பேன். அங்கே பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

நைலான் விஷமா என்றால், இல்லை. ஆஸ்பத்திரியில் தையல் போடும் நூலிலேயே நைலான் உண்டு. தினமும் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் நாரும் அதுதான். தோலில் தடிப்பு வந்தால் பெரும்பாலும் சாயம், சோப்புத்தூள், இறுக்கும் எலாஸ்டிக், தங்கிப்போன வேர்வை, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கருநீல சாக்ஸ் போட்டு பாப்பாவின் கணுக்காலைச் சுற்றி வளையம் மாதிரிச் சிவந்தது. எலாஸ்டிக் இறுக்காத வெள்ளை சாக்ஸுக்கு மாறினோம், வரவில்லை. புதுத்துணி எதுவானாலும் இரண்டு முறை அலசாமல் போடுவதில்லை.

என்னை நடுங்க வைத்தது வேறு ஒன்று. பாப்பாவுக்கு நாலு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் அழுகை நிற்கவே இல்லை. பால் கொடுத்தேன், ஓமத்தண்ணீர் என்றார் அம்மா, தோளில் போட்டு நடந்தோம். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு துடைக்கலாம் என்று சாக்ஸைக் கழற்றினால், இரண்டாவது கால்விரல் வீங்கி ஊதாவாக நிற்கிறது. சாக்ஸின் உள்பக்கம் தொங்கிய நூல் ஒன்று விரலில் சுற்றி இறுகியிருந்தது. நைலான் நூல் லேசில் அறாது. குழந்தை காலை உதைக்க உதைக்க இன்னும் இறுகும். சதைக்குள் பதிந்து கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. டாக்டர்தான் பூதக்கண்ணாடி வைத்து வெட்டி எடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு நமக்குக் கொட்டும் தலைமுடியும் இதே வேலையைச் செய்யுமாம். நேரமாகியிருந்தால் விரலுக்கே ஆபத்து என்றார். அன்று முதல் சாக்ஸ், கையுறை எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலைக் கத்தரித்த பிறகுதான் போடுகிறேன். காரணமில்லாமல் குழந்தை அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள்.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. அவர் காலத்தில் நைலான் சேலையோடு மண்ணெண்ணெய் ஸ்டவ் பக்கம் போகாதே என்பது வீட்டுக்கு வீடு சொன்ன புத்தி. பருத்தியும் தீப்பிடிக்கும், அதுவும் வேகமாகவே. ஆனால் நைலான் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். ரகத்தைப் பொறுத்து 220 டிகிரியிலிருந்து 260 டிகிரிக்குள் உருகிவிடும். போன வருடம் ரூம் ஹீட்டர் மேல் ஜாக்கெட்டைக் காயப் போட்டார் என் வீட்டுக்காரர். கை நுனி சுருங்கி, கறுத்து, கல் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே குழந்தையின் கை இல்லை என்பதுதான் ஆறுதல். இப்போது ஹீட்டர் இருக்கும் அறையில் பாப்பாவுக்கு பருத்தியும் கம்பளியும்தான், அதுவும் எட்டத்தில். கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவரும் பழக்கத்தை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். அந்தப் புகை துணியை விட மோசம்.

ஜனவரியின் காய்ந்த குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றும்போது பட்பட்டென்று பொறி பறக்கும். பாப்பாவுக்கு அது விளையாட்டு. அதனால் ஒன்றும் ஆகாது.

வலைத் தொட்டிலை ஐந்தாம் மாதத்தோடு கழற்றிவிட்டேன். புரளத் தொடங்கியதும் வலைக் கண்ணில் விரலை விட ஆரம்பித்தாள். தூளி கட்டுவதென்றாலும் பழைய பருத்திச் சேலைதான். நைலான் சேலையில் முடிச்சு வழுக்கும். ஜாக்கெட் தொப்பியில் இருந்த கயிற்றை வாங்கிய அன்றே உருவிப் போட்டிருக்க வேண்டும். கேட் கொக்கியில் ஒரு தடவை மாட்டிய பிறகுதான் உருவினேன்.

இன்னொன்று. இங்கே ரோட்டோரக் கடைகளில் 'உல்லன்' என்று விற்பதில் நிறைய அக்ரிலிக், கம்பளி மாதிரித் தெரியும் செயற்கை நூல். ஒரு நூலைப் பிய்த்து வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள்: கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பலைத் தேய்த்தால் பொடியும். அக்ரிலிக் உருகி உருண்டையாகும். லேபிளில் 'பாலிஅமைடு' என்று இருந்தால் அது நைலான்தான்.

இந்த டிசம்பருக்கும் பாப்பாவுக்கு நைலான் ஜாக்கெட்தான், ஒரு சைஸ் பெரிதாக. சாக்ஸை மட்டும் அம்மா கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன் என்று அவருக்கும் தெரியும். முடிச்சையெல்லாம் வெளிப்பக்கமாகவே போடுகிறார்.