விமானத் தொலைவுச் செயலிகள்: தூரத்தை நம்பலாம், நேரத்தை அல்ல

இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் தொலைவையும் பயண நேரத்தையும் சொல்லும் செயலிகளைப் பல ஆண்டுகள் புழங்கினால் ஒன்று தெளிவாகும். தூரத்தில் அவை அநேகமாகத் தவறுவதில்லை. கோட்டை விடுவதெல்லாம் நேரத்தில்தான்.

தூரக் கணக்கு எளிது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வளைகோட்டை அளக்கிறார்கள். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் வரும் பிழை ஏறக்குறைய அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்; 10,000 கி.மீ.க்கு 50 கி.மீ., நான்கு நிமிடப் பறப்புகூட இல்லை. இரண்டு செயலிகள் வெவ்வேறு எண் காட்டினால் முதலில் அலகைப் பாருங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609. அடுத்து, ஊர் மையத்திலிருந்து அளந்ததா, விமான நிலையத்திலிருந்தா என்று பாருங்கள். டோக்கியோவின் நரிட்டா நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கிறது. நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை இட்டுத் தேடினால் இந்தக் குழப்பம் இல்லை.

நேரத்துக்குப் பல செயலிகள் செய்வது வெறும் வகுத்தல்: தூரத்தை மணிக்கு 850 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டுவது. அதனால் போகவும் வரவும் ஒரே விடை வரும். அப்படி வந்தாலே அந்த எண்ணைச் சந்தேகிக்கலாம். நியூயார்க்–லண்டன் சுமார் 5,540 கி.மீ.; கணக்குப்படி இரு திசைக்கும் 7 மணி. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்று இதில் சேரவில்லை. லண்டன் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். கால அட்டவணையில் திரும்பும் பயணம் பொதுவாக ஒரு மணி நேரமாவது கூடுதலாக இருக்கும். குளிர்காலத்தில் காற்று வலுப்பதால் இடைவெளி இன்னும் விரியும்.

காற்றைவிடப் பெரிய பிழை, வழி. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரம் போல எடுத்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணியைத் தொட்டது. நேர்வளைவை மட்டுமே அளக்கும் செயலிக்கு இது தெரியாது. பழைய விடையையே கூசாமல் சொல்லும்.

ஆகவே நேரத்துக்கு அட்டவணைதான் சரி. அதில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் பயணிகள் ஏறும் வாசலை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கும் வாசலில் நிற்பது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகும் நேரமும் சேர்த்தி. புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால் இரண்டையும் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு மாற்றிக் கழியுங்கள். நியூயார்க்கில் குளிர்காலத்தில் இரவு 8 மணி என்றால் யு.டி.சி. 01:00; லண்டனில் காலை 8 என்றால் 08:00; பயணம் 7 மணி. மார்ச்சில் குறிப்பாகக் கவனம் தேவை. கோடைக்காலத்துக்காக அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறன்றுதான். இடைப்பட்ட நாட்களில் இரு ஊர்களின் வித்தியாசம் 5 மணி அல்ல, 4.