சிங்கிள் ஸ்டேஜா, டூ ஸ்டேஜா, பற்றரியா? பத்து விரலோடு பனி தள்ள எது தோது

நவம்பர் பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணை, ஸ்னோ ப்ளோவர் வாங்கப்போறன், எது நல்லது?" பனியை அள்ளிக் குழாய்வழியாகத் தூர எறியும் மெசின்தான் அது. நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். டிரைவ்வே, அதாவது வீட்டு வாசலில் கார் நிற்கும் பாதை, தாரா, கல்லா? பனி வாரும் லொறி போனபிறகு உங்கள் வாசலில் எவ்வளவு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது? குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் கையை விடுகிற ஆளா, தடியைத் தேடுகிற ஆளா? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முக்கியமான கேள்வியே அதுதான்.

கடையில் எத்தனை அடி தூரம் எறியும், எத்தனை சிசி, கைபிடிக்குச் சூடு வருமா என்றுதான் சொல்வார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சிங்கிள் ஸ்டேஜ், பக்கத்து ஊரான அஜாக்ஸுக்கு வீடு மாறிய பிறகு ஒரு டூ ஸ்டேஜ், இப்போது மகளின் வீட்டில் ஒரு பற்றரி மெசின் என்று மூன்றையும் தள்ளிப் பார்த்தவன் நான். எறியும் தூரத்தைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. எது எப்போது அடைக்கும், அடைத்தால் எனக்கு என்ன புத்தி வரும், அந்த நிலை வராமல் இருக்க அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதில்தான் மண்டை காய்ந்திருக்கிறது. அதனால் இந்த ஒப்பீடும் அந்தக் கணக்கில்தான்.

கையால் பனி அள்ளும் ஷவலை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு காருக்கான டிரைவ்வே, இளவயது, நெஞ்சில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றால் ஷவலே போதும், வேறொன்றும் வாங்க வேண்டாம். ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல வருடத் தரவுகளை வைத்துச் செய்து 2017 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கனத்த பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீட்டை நம் ஆட்களிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐம்பது தாண்டியவர் விடியற்காலைக் குளிரில் ஈரப்பனியை மூச்சைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

சரி, மெசினுக்கு வருவோம்.

சிங்கிள் ஸ்டேஜில் முன்னால் சுழல்வது ஒரே உருளை, அதில் ரப்பர் தகடுகள். அவை நிலத்தைத் தொட்டுச் சுழன்று, பனியை அள்ளுவதும் மேலே இருக்கும் குழாய்வழியாக எறிவதும் ஒரே வீச்சில் நடக்கும். தகடு நிலத்தைத் தொடுவதால் தார் தரை தெரியத் துப்புரவாக வழித்துவிடும். அதே காரணத்தால்தான் கல் போட்ட டிரைவ்வேக்கு இது கூடவே கூடாது, பனியோடு கல்லையும் அள்ளி எறியும், பக்கத்து வீட்டுக் கார்க் கண்ணாடி தப்பாது. பெரும்பாலானவற்றில் சக்கரங்களுக்கு மோட்டார் இழுவை இல்லை, சுழலும் ரப்பர்தான் மெசினை முன்னுக்கு இழுக்கும். இது குறையல்ல, எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு: பிடியை விட்டால் நின்றுவிடும், உங்களை ஏறி மிதிக்காது. பதினைந்து இருபது சென்ரிமீற்றர் வரை சந்தோஷமாக ஓடும். லொறி குவித்துவிட்டுப் போன இறுகிய கட்டியில் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். அந்த நேரத்தில் பிடியை உயர்த்தி ஆத்திரத்தோடு இடித்துக் குத்துவோம் பாருங்கள், அங்கேதான் அடைப்பும் முதுகுப் பிடிப்பும் தொடங்கும். கட்டியை ஷவலால் உடைத்துவிட்டு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

டூ ஸ்டேஜ் வேறு சாதி. முன்னால் திருகு வடிவில் இரும்புச் சுருள், அதை ஓகர் என்பார்கள். அது பனியை நறுக்கி நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் இருக்கும் இன்னொரு விசிறி, அதாவது இம்பெல்லர், வேகமாகச் சுழன்று குழாய்வழியே எறியும். பனியை அள்ளி எறியும் மெசினை லொறியில் பூட்டி 1925 இல் ஓடவிட்டவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார். தெருவுக்கென்று செய்த யோசனைதான் சுருங்கி நம் கராஜுக்குள் வந்திருக்கிறது. இரும்பு ஓகர் நிலத்தைத் தொடாது, பக்கத்தில் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகள் அதைத் தாங்கும். கல் டிரைவ்வே என்றால் கட்டையை இறக்கி ஓகரை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தலாம், வேறு மெசினை யோசிக்கவே தேவையில்லை. தார் என்றால் அடியில் இருக்கும் சுரண்டுத் தகட்டுக்கும் தரைக்கும் மூன்று மில்லிமீற்றர் போல இருக்கட்டும். அந்தத் தடிப்புக்கு ஒரு மட்டையைத் தகட்டுக்குக் கீழே செருகி, கட்டையின் நட்டைத் தளர்த்தித் தரையைத் தொடவிட்டு இறுக்கினால் முடிந்தது.

ஆனால் பலமுள்ள மெசினுக்கு அதற்கேற்ற சேட்டையும் உண்டு. சக்கரம் மோட்டாரில் ஓடும், பாரம் எளிதாக எண்பது தொண்ணூறு கிலோவைத் தாண்டும். முன்னுக்குப் போகும்போது ஆபத்து மெசினுக்கு முன்னால், பின்னுக்கு எடுக்கும்போது ஆபத்து நமக்கே. கராஜ் கதவுக்கும் பிடிக்கும் நடுவில் நெரிபட்டவரை எனக்குத் தெரியும், நல்லகாலம் பிடியை விட்டுவிட்டார். ரிவேர்ஸ் போடுமுன் பின்னால் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள்.

பலருக்குத் தெரியாத விசயம் ஒன்று. பல டூ ஸ்டேஜ் மெசின்களில் சக்கரத்தை ஓட்டும் பிடி, ஓகரைச் சுழற்றும் பிடி இரண்டையும் ஒன்றாக அமத்தினால், பிறகு ஓகர் பிடியிலிருந்து கையை எடுத்தாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மற்றக் கையால் குழாயைத் திருப்ப வசதியாகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். "ஓகரை விட்டிட்டன், நிண்டிருக்கும்" என்று நினைத்து முன்னுக்குப் போகிறவர் என்ன கதிக்கு ஆளாவார் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டையும் விட வேண்டும். விட்டால் ஐந்து விநாடிக்குள் ஓகர் நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் கேபிளைச் சரிசெய்யும் வரை அந்த மெசினைத் தொடாதீர்கள்.

இனி அடைப்பு. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் பனி புட்டுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குழைத்த மா மாதிரி, குழாயில் அப்பிக்கொள்ளும். அடைப்பதில் மூன்று வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கை போகும் இடத்தில்தான் வித்தியாசம். சிங்கிள் ஸ்டேஜில் குழாய்க்குக் கீழே உடனேயே ரப்பர் உருளை கண்ணுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் பயமும் இருக்கும். டூ ஸ்டேஜில் இம்பெல்லர் குழாயின் அடியில் மறைந்து கிடக்கும். ஓகர் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எல்லாம் நின்றுவிட்டது என்று நம்பிக் கையை விடுவார்கள்.

எஞ்சின் நின்றிருந்தாலும் நம்பக்கூடாது என்பதை நான் கற்றது 2022 ஜனவரி 17. ரொறன்ரோ பக்கம் முழுக்கப் பனிப்புயல், அரை மீற்றருக்குக் கிட்டக் கொட்டிய நாள். அடைத்துவிட்டது, எஞ்சினை நிறுத்தித் திறப்பையும் கழற்றிவிட்டேன். மெசினோடு வந்த பிளாஸ்ரிக் தடி எங்கே போனதோ தெரியாது, பழைய தும்புத்தடியின் காம்பை விட்டுக் குத்தினேன். கட்டி உடைந்த அந்த நொடியில் இம்பெல்லர் கால்வாசி சுற்று சடாரென்று திரும்பியது, காம்பு என் கையிலிருந்து பிடுங்குப்பட்டுச் சுவரில் போய் அடித்தது. அடைத்து நின்றபோது பெல்ட்டில் முறுகிக் கிடந்த விசை அது. விரல் இருந்திருந்தால் காம்பு பட்ட பாடு விரல் பட்டிருக்கும். அதிலிருந்து, பிடியை விடு, எஞ்சினை நிறுத்து, திறப்பைக் கழற்று, எல்லாம் நிற்கும்வரை பொறு, பிறகு தடி, எப்போதும் தடி என்பது என் வீட்டுச் சட்டம். கையுறை போட்டால் கை தப்பும் என்று நினைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து உள்ளே போகும்.

அடைக்காமல் ஓட்டவும் வழி உண்டு. எல்லோரும் ஈரப்பனியைக் கண்டதும் எஞ்சின் வேகத்தைக் குறைப்பார்கள், அது தலைகீழான வேலை. எஞ்சின் முழு வேகத்தில் இருக்க வேண்டும், நடைதான் மெதுவாக வேண்டும், முழு அகலத்தையும் அள்ளாமல் பாதி அகலம் அள்ளுங்கள். தொடங்குமுன் குழாயின் உள்பக்கம் சிலிக்கன் ஸ்பிரே அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். பனி விழுமுன்னரே கால்மிதி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், நத்தார் விளக்கு வயர் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். சால்வையும் நீளத் துப்பட்டாவும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பனியை ரோட்டில் எறிவது போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், ஆகவே குழாயை உங்கள் புல்தரைப் பக்கம் திருப்புங்கள்.

பற்றரி மெசினை முதலில் நான் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். பெற்றோல் இல்லை, ஒயில் இல்லை, கயிறு இழுக்கத் தேவையில்லை, புகை இல்லை. இந்தப் புகை சின்ன விசயமல்ல. குளிருக்குப் பயந்து கராஜுக்குள் எஞ்சினை ஸ்ராட் பண்ணி "கதவு திறந்துதானே கிடக்கு" என்பவர்கள் நிறையப்பேர். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வீட்டுக்குள் போகும், வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் ஸ்ராட் பண்ண வேண்டும். சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றுவதும் அதே மாதிரி விளையாட்டுத்தான். பற்றரியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் சத்தம் இல்லாததே அதன் ஆபத்து. பெற்றோல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் மெசின் உயிரோடு இருப்பது காதுக்குத் தெரியும். பற்றரியில் பிடியை விட்டால் அமைதி, செத்துப்போன மாதிரி இருக்கும், மறுபடி இயக்கினால் அந்த நொடியே சுழலும். ஆகவே திறப்பையும் பற்றரியையும் கழற்றாமல் முன்பக்கம் போகவே கூடாது. குளிரில் பற்றரி கெதியாக இறங்கும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் கெட்டுப்போகும், ஆகவே அது வீட்டுக்குள் இருக்க வேண்டும். கனத்த நாளில், சரியாக லொறி குவித்த இடத்துக்கு வரும்போதுதான் பற்றரி தீர்ந்துபோகும், மேலதிகப் பற்றரியின் விலையையும் முதலே கணக்கில் சேருங்கள். வயர் இழுத்து ஓட்டும் மின்சார மெசின் மலிவுதான், சுழலும் தகட்டுக்குப் பக்கத்தில் வயரை இழுத்துக்கொண்டு திரிய எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஸ்டேஜ் என்று ஒன்றும் விற்கிறார்கள், நகரத்துக்குள் இருப்பவருக்கு அது தேவையே இல்லை.

பராமரிப்பில்தான் உண்மையான வித்தியாசம். பெற்றோல் மெசின் கெட்டுப்போவது பனிக்காலத்தில் அல்ல, கோடையில். எத்தனால் கலந்த பெற்றோலை ஏப்ரலில் அப்படியே விட்டால் நவம்பருக்குள் கார்புரேற்றரில் பிசின் பிடித்திருக்கும். பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள், அல்லது பெற்றோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், குளிருக்குப் பெரும்பாலும் 5டபிள்யூ-30 தான். எதைத் தொடுமுன்னும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

சிங்கிள் ஸ்டேஜில் பார்க்கவேண்டியது ரப்பர் தகடும் சுரண்டுத் தகடும். ரப்பர் தேய்ந்தால் பனியை வீசாமல் குழப்பும், குழம்பினால் அடைக்கும். அரை மணித்தியால வேலை, வீட்டிலேயே மாற்றலாம். டூ ஸ்டேஜில் பெல்ட் தளர்ந்தாலும் அதே கதை, இம்பெல்லர் வேகம் குறைந்து அடைப்பு, பிறகு பழையபடி கை. பராமரிப்பில் விடும் பிழைகளில் பாதி கடைசியில் அந்தக் குழாயடியில் வந்துதான் நிற்கும்.

டூ ஸ்டேஜுக்கு மட்டும் உரியது ஷியர் பின். ஓகர் கல்லிலோ உறைந்த பத்திரிகைக் கட்டிலோ மாட்டினால் கியர்பெட்டி உடையாமல் இருக்க, தான் முறிந்துபோவதற்காகவே செய்த மெல்லிய ஆணி. என்னுடையது ஒரு ஞாயிறு இரவு முறிந்தது, பெட்டியில் கிடந்த சாதாரண உருக்கு போல்ட்டைப் போட்டு வேலையை முடித்தேன், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஓகர் நடைபாதை விளிம்பில் முட்டியது, போல்ட் அசையவில்லை, கியர்பெட்டிதான் வெடித்தது. திருத்துபவர் கேட்ட காசுக்கு ஒரு பழைய மெசினே வாங்கியிருக்கலாம். இன்னொன்று, ஓகர் தண்டுக்கு வருடாவருடம் கிரீஸ் அடிக்காவிட்டால் ஓகர் துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டிவிடும், பிறகு சரியான பின் போட்டிருந்தும் பலன் இல்லை. இலையுதிர்காலத்தில் இரண்டு பின்னையும் கழற்றி, தடித்த கையுறையோடு ஓகரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தனியாகச் சுழன்றால் சரி. கிரீஸ் அடித்து, பின்னைப் போட்டு விடுங்கள்.

பற்றரி சிங்கிள் ஸ்டேஜில் இதில் பாதிக்கு மேல் கிடையாது, ரப்பரையும் சுரண்டுத் தகட்டையும் பார்த்தால் போதும். மெசினோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவருக்கு நான் அதைச் சொல்வது அதனால்தான்.

ஆக, இரண்டு கார் நிற்கும் தார் டிரைவ்வே, லொறி குவிப்பது முழங்காலுக்குக் கீழே என்றால் பற்றரி சிங்கிள் ஸ்டேஜ், கையில் மேலதிகப் பற்றரியோடு. மூலை வீடு, நீள டிரைவ்வே, கல் தரை, இதில் ஒன்று இருந்தாலும் 24 அங்குல அகலப் பெற்றோல் டூ ஸ்டேஜ். 30 அங்குலத்தைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதைத் திருப்பவே ஒரு டிரைவ்வே வேண்டும். பழைய பெற்றோல் சிங்கிள் ஸ்டேஜ் மலிவாகக் கிடைத்தால் ரப்பரையும் கார்புரேற்றரையும் பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம். டூ ஸ்டேஜ் எடுப்பவர்கள் அன்றைக்கே அந்த மொடலுக்குரிய ஷியர் பின் நாலு சேர்த்து வாங்கி மெசின் பிடியிலேயே ரேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பக்கத்தில் ஒரு தடியையும் கட்டிவிடுங்கள். பின் முறிவது எப்போதும் கடை பூட்டிய பிறகுதான்.