விரலைக் கவ்வும் குட்டிப் பெட்டி: மூன்று மாத அனுபவம்

அம்மாவுக்கு இளைப்பு வந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இது. அம்மா மாட்டிக்கொண்டதைவிட நான் வைத்து விளையாடியதுதான் அதிகம்.

துணி கிளிப் போல வாயைத் திறக்கும். விரலைக் கொடுத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்ற எண் சில நொடிகளில் வந்துவிடும். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, இன்னும் மாற்றவில்லை. ஆனால் பேட்டரி மூடி படுமட்டம். முதல் தடவை கழற்றியபோதே அதன் காது உடைந்துவிட்டது. செலோடேப்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சிவப்பு விளக்கு தெரியும். அதன் அலைநீளம் 660 நானோமீட்டர். கூடவே கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு விளக்கும் எரிகிறது, அது 940. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது நேர்மாறு. விரலைத் தாண்டி வரும் இரண்டு ஒளியையும் ஒப்பிட்டுத்தான் பெட்டி அந்த எண்ணைச் சொல்கிறது.

சரி, தோல், நகம், எலும்பு எல்லாமும் ஒளியைத் தின்னுமே? இதற்கு விடை தந்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தகுவோ அவோயாகி. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று காது மடலில் ஒளி பாய்ச்சி அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு அவருடைய அளவீட்டு வரைகோட்டைக் குலுக்கிக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போன இடத்தில்தான், துடிப்பது தமனி ரத்தம் மட்டுமே என்பது கைகொடுத்தது. அசையாததையெல்லாம் கழித்துவிடலாம் அல்லவா! 1974-இல் இதை வெளியிட்டார்.

ஆக, துடிப்பு கிடைக்காவிட்டால் இந்தப் பெட்டிக்குப் பிழைப்பே இல்லை. ஒரு நாள் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு மாட்டினேன். 88! வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன், எண்ணுக்குப் பக்கத்தில் குதிக்க வேண்டிய பட்டை சோர்ந்து கிடந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 97. அன்றிலிருந்து முதலில் பட்டை, அப்புறம்தான் எண்.

உட்கார்ந்தபடி மூச்சை அடக்கியும் பார்த்தேன். அடக்கியிருந்த வரை 97 அசையவே இல்லை. மூச்சை இழுத்து, "பெட்டி பழுது" என்று முடிவுகட்டியபோது நிதானமாக 94-க்கு இறங்கியது. நுரையீரலிலிருந்து விரல்நுனி வரை ரத்தம் வந்து சேர வேண்டும். பெட்டியும் சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. என் உடம்பின் பழைய செய்தியைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குறைகளை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். கறுத்த தோலில் இது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு இது பெரிதாகப் பேசப்பட்டது. நானும் கறுப்புதான், அதனால் 93 வந்தால் "ஒன்றிரண்டு குறைவுதானே" என்று இருந்துவிட மாட்டேன். இன்னொன்று, புகையில் மாட்டியவரின் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜன் என்றே நம்பி நல்ல எண் காட்டிவிடும்.

காசுக்கு மோசமில்லை, வாங்கலாம். எனக்கு எரிச்சல் அந்த பீப் சத்தம்தான். நிறுத்த வழியே இல்லை. அம்மா தூங்கும்போது மெதுவாக மாட்டினாலும் கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "எவ்வளவுடா காட்டுது?"