கொமோடோ படகுப் பயணம்: ‘கட்டாயப் பொருள்கள்’ என்று யாராவது விற்றால் உஷார்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவுக்கு, ராட்சத உடும்புகள் வாழும் தீவுகளுக்கு, போய் வந்தோம். நான், மனைவி, மகள், எட்டு வயது மகன். சாங்கியிலிருந்து பாலி, அங்கிருந்து சின்ன விமானத்தில் லபுவான் பாஜோ, அப்புறம் மூன்று பகல் இரண்டு இரவு ‘பினிசி’ என்கிற மரப்படகில். பயணம் அருமை. படகுக்காரர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பதிவு, சிங்கப்பூரில் எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜென்சி கூடவே தலையில் கட்டிய சாமான்களைப் பற்றியது.

பணம் கட்டி இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. தண்ணீர் புகாத பை, பவளப்பாறையைக் கெடுக்காத சன்ஸ்கிரீன், தண்ணீரில் போடும் காலணி, பைனாகுலர், கொசு விரட்டும் கைப்பட்டை, பிளக் அடாப்டர். தலைப்பு ‘கட்டாயப் பொருள்கள்’. கடைசி வரியில் விலை: ஒரு செட் ஆளுக்கு 160 சிங்கப்பூர் வெள்ளி. நாலு பேருக்கு 640. போன் போட்டுக் கேட்டேன். எடுத்த தம்பி நல்ல தமிழில், “அண்ணே, இது இல்லாம படகுல ஏத்த மாட்டாங்க. பார்க் ரூல்ஸ்” என்றார். தமிழில் பேசிவிட்டால் எனக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும், அது என் வியாதி. அன்றைக்கே போனில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பிவிட்டேன். “பட்டியலையும் அவங்களே எழுதி, சாமானையும் அவங்களே விக்கிறாங்களே?” என்று மனைவி அப்போதே கேட்டாள். “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றேன். அந்த வசனத்தை இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது திருப்பிக் கேட்கிறேன்.

படகு ஏறிய முதல் மணி நேரத்திலேயே வழிகாட்டிப் பையனிடம் என் பசார் மலாயில், அதாவது அரைகுறைச் சந்தை மலாயில், விசாரித்தேன். அவன் சிரித்தான். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, தீவில் ரேஞ்சர் இல்லாமல் நடக்கக்கூடாது, ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். பையும் பைனாகுலரும் கட்டாயம் என்று அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். இன்னொன்றும் சொன்னான்: படகின் மேல்தளத்தில் எல்லாரும் வெறுங்காலோடுதான் இருக்க வேண்டும், செருப்புக்கு வாசலில் ஒரு கூடை இருக்கிறது. அந்த விதி மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை.

முதலில் போனது பை. இளஞ்சிவப்புக் கடற்கரைக்கு டிங்கி என்கிற சின்னப் படகில் போகும்போது அலை ஏறி அடித்தது. சொல்லிக் கொடுத்தபடி வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டித்தான் வைத்திருந்தேன். கரையில் திறந்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கடல் தண்ணீர், அதில் மகளின் கேமரா. பாஸ்போர்ட்டுகளை நல்லவேளையாக அறையிலேயே விட்டிருந்தோம். வீடு திரும்பியதும் அந்தப் பையைக் குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டுத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அடித் தையல் நெடுக, ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு, பாசிமணி கோர்த்ததுபோல. இந்த வகைப் பையில் ஓரங்களைச் சூடுபடுத்தி ஒட்டியிருக்க வேண்டும். நூல் தையல் மட்டும் போட்டிருந்தால் அது மழைக்குத்தான் ஆகும், கடலுக்கு ஆகாது. எங்கே வாங்கினாலும் கிளம்புவதற்கு முன் வீட்டு வாளியில் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் வேண்டாம்.

கேமராவைக்கூட மன்னித்துவிடுவேன். காலணியை மன்னிக்க மாட்டேன். டிங்கி மணல்வரை வராது, முழங்கால் தண்ணீரில் குதித்து நடக்க வேண்டும், கீழே உடைந்த பவளத் துண்டுகள். பத்தே அடி. மகனின் வலது காலணியில் அடித்தோல் முன்பக்கமாகப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. பெருவிரலுக்கடியில் நல்ல வெட்டு. கழுவி மருந்து போட்டுக் கட்டினோம். அவன் அழவில்லை. மறுநாள் கொமோடோ தீவில் இறங்கியதும் ரேஞ்சர் கேட்ட முதல் கேள்வி, “யாருக்காவது ரத்தக்காயம் உண்டா?” கொமோடோ உடும்பு நாக்கால் மோப்பம் பிடிக்கிற பிராணி, செத்த மிருகத்தின் வாடையைச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடும். பெரியது மூன்று மீட்டர் வரை வளரும். ரேஞ்சர் கையில் இருப்பதோ கவை போட்ட ஒரு நீளக் குச்சிதான். கட்டின் மேல் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்தார், பையனின் உயரத்தைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார்.

மனைவி அவனோடு படகில் இருந்துவிட்டாள். நானும் மகளும் போனோம். உள்ளே நம் ஊர்ப் புளியமரம் நிறைய. ஒரு மரத்தடியில் இரண்டு உடும்புகள் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்திருந்தன, எச்சில் கயிறாக இறங்கியது. திரும்பி வந்ததும் பையன் கேட்டது ஒன்றுதான்: “எவ்ளோ நீளம்ப்பா?” அறை நீளத்தைக் காட்டினேன். ஒரு வருஷமாக அந்த உடும்புக்காகத்தான் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

பைனாகுலர் கதை வேறு. மேலே ‘30x60’ என்று பொன்னெழுத்து, முன்கண்ணாடி ரத்தினக் கல்போல் சிவப்பு. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், இரண்டாவது முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: இதில் வெறும் 2 மில்லிமீட்டர். பொன்னெழுத்து உண்மையாகவே இருந்தாலும், 30 மடங்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிற படகில் எதையும் பார்க்க முடியாது. மாலையில் கலோங் தீவருகே நங்கூரம் போட்டார்கள். இருட்டத் தொடங்கும்போது அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி வானத்தை மூடின. எங்கள் நாலு பைனாகுலரிலும் பச்சை தட்டிய இருட்டு. பக்கத்தில் இருந்த சுராபாயாக்காரர் தன்னுடைய பழைய 8x42-ஐக் கொடுத்தார். சிறகின் எலும்பு தெரிந்தது. பெரிய எண்ணுக்கு மயங்காதீர்கள், குடும்பத்துக்கு அப்படி ஒன்று போதும்.

சன்ஸ்கிரீனில் முன்னால் ஆமைப்படம், பின்னால் பொடி எழுத்தில் ஆக்ஸிபென்சோன். பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் 2021 முதல் விற்பனையைத் தடைசெய்த பொருள் அது. கொசுப் பட்டை கொசுவை விரட்டவில்லை. லபுவான் பாஜோ இருக்கும் புளோரஸ் தீவுப் பக்கம் மலேரியா உண்டு என்பதால் இது சிரிக்கிற விஷயமில்லை. டீட் அல்லது பிகாரிடின் உள்ள மருந்தைத் தோலில் தடவிக்கொள்ளுங்கள், கிளம்புமுன் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிஜமாகவே கைகொடுத்தவை வீட்டிலேயே இருந்தவை. வார் வைத்த பழைய சாண்டல், முழுக்கை நீச்சல் சட்டை, இரவுக் காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட், ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கொண்ட குமட்டல் மாத்திரை. துணிப்பை கொண்டுபோங்கள், சக்கரப் பெட்டி அந்த அறையில் நுழைந்தால் நீங்கள் நுழைய முடியாது. நம் மூன்று முள் பிளக் அங்கே சேராது, உருண்டை இருமுள்தான். அதற்கான அடாப்டர் சிங்கப்பூர் தேக்கா கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

திரும்பி வந்து ஏஜென்சியைக் கேட்டால், “யூஸ் பண்ணின சாமான் ரிட்டர்ன் கிடையாதுண்ணே.” அதே தம்பி. இங்கே பலருக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே பழுது இருந்ததாகத்தான் நம் சிங்கப்பூர்ச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. 2012 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ (CASE) அமைப்பில் புகார் கொடுத்தேன், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பத்து வெள்ளி கட்டிப் பதிவு செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வேண்டாம். குளியலறையில் எடுத்த அந்தச் சொட்டுப் படத்தையும் ‘பார்க் ரூல்ஸ்’ என்று பிறகு அவர்கள் எழுத்திலும் அனுப்பியிருந்த செய்தியையும் இணைத்தேன். விசாரணைத் தேதிக்கு முன்பே 400 வெள்ளி வந்து சேர்ந்தது. மீதியை விட்டுவிட்டேன், இரண்டு நாள் லீவு போட எனக்கு முடியவில்லை.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு அக்கா தன் போனைக் காட்டி, “இதெல்லாம் வாங்கணுமாப்பா?” என்று கேட்டார். அதே பட்டியல், அதே ஆமைப்படம். இப்போது ஆளுக்கு 175 வெள்ளி, டிசம்பர் பயணத்துக்கு. டிசம்பரில் அந்தப் பக்கம் மழைக்காலம். பட்டியலில் மழைக்கோட்டு இல்லை.