நெல்லைக்கு ஐபிஎஸ்ஸோடு போய்வந்தது: வயிற்றுக்கு மரியாதை உண்டு, அசதிக்கு இல்லை

ஐபிஎஸ் (IBS) என்கிற, வயிற்றுவலியோடு பேதியோ மலச்சிக்கலோ வந்து படுத்தும் குடல் எரிச்சல் கோளாறோடு ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு எல்லாரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள். தண்ணீரைப் பார்த்துக் குடி, கண்ட கடையில் சாப்பிடாதே, பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள். எல்லாம் சரிதான். ஆனால் மான்செஸ்டரிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வந்த என்னை வயிற்றைவிட அதிகம் படுத்தியது உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் அசதிதான். அப்படிப்பட்ட ஒருத்திக்கு ரயிலும் ஆஸ்பத்திரியும் சாப்பாடும் மண்டபமும் எப்படி இருந்தன என்று எழுதி வைத்தால் இன்னும் யாருக்காவது உதவும்.

அசதி என்றால் தூங்கி எழுந்தால் போய்விடுகிற அசதி இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே கை கனக்கும். இடுப்பில் ஆரம்பிக்கும் வலி தொடை வரைக்கும் இறங்கும். வாயில் எப்போதும் ஒரு கெட்ட ருசி. இப்போதுதான் போய்விட்டு வந்தோம் என்று தெரிந்தும் மறுபடி ஒண்ணுக்கு முட்டும். இதெல்லாம் என் கற்பனை என்று நானே பல நாள் நினைத்ததுண்டு. 1986இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் ஐபிஎஸ் உள்ள 100 பேரையும் இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். முதுகுவலி, குமட்டல், அடிக்கடி சிறுநீர், வாயில் கெட்ட ருசி, ஓயாத களைப்பு எல்லாம் நோய் உள்ளவர்களிடம் தெளிவாக அதிகம் இருந்தன. இங்கிலாந்தில் டாக்டர்கள் பின்பற்றும் நைஸ் அமைப்பின் 2008 வழிகாட்டியிலும் சோர்வு, குமட்டல், முதுகுவலி, சிறுநீர்ப்பைத் தொந்தரவு நான்கும் இந்த நோயைச் சந்தேகிக்க உதவும் அறிகுறிகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. காரணம் ஒன்றே ஒன்று இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புச் செய்தி கோளாறாவது, கெட்டுப்போன தூக்கம், பயந்து பயந்து குறைவாகச் சாப்பிடுவது, கவலை எல்லாம் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ரத்தப் பரிசோதனையில் மட்டும் எதுவும் தெரியாது. அதனாலேயே வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத், சென்னையிலிருந்து நெல்லைக்குச் சுமார் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். கழிப்பறை விமானத்தில் இருக்கிற மாதிரி உறிஞ்சி இழுக்கும் வகை. வயிறு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதில்தான் போவேன். ஆனால் எட்டு மணி நேரமும் உட்கார்ந்தே வரவேண்டுமே. அதனால் இரவு வண்டியான நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்றாம் ஏசி போட்டேன். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, வயதைச் சரியாகக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு சிக்கல் என்னவென்றால், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரைக்கும்தான் அது படுக்கை. மற்ற நேரம் எல்லாரும் உட்காரும் இருக்கை. எனக்கோ எட்டரைக்கே உடம்பு சாய்ந்துவிட்டது. "ரொம்ப அசதியா இருக்கு, கொஞ்சம் படுத்துக்கலாமா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி, "எல்லாருக்கும் அசதிதாம்மா" என்று சிரித்துவிட்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்றேன். மனுஷன் உடனே எழுந்து, தலையணை போர்வை எல்லாம் எடுத்துக் கொடுத்து, எதிர் சீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த ஊரில் எந்தக் கதவை எதைச் சொல்லித் தட்டவேண்டும் என்று.

இதற்கு முன்னால் எழும்பூரில் ரயில்வே ஓய்வறையில் சில மணி நேரம் படுத்திருந்தேன். கையில் உறுதியான டிக்கெட் இருந்தால் அதன் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்திலேயே பதிவு செய்யலாம், சில ஸ்டேஷன்களில் மணிக்கணக்கிலும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கட்டில், கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள். விமானத்திலிருந்து இறங்கி இரவு ரயில் வரைக்கும் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஊர் போன கொஞ்ச நாளில் சித்தி வற்புறுத்தலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஏளா, வந்ததுலயிருந்து படுத்தே கெடக்கியே, ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்" என்று ஆட்டோவையே வரச்சொல்லிவிட்டாள். வேகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். காலையில் டோக்கன், மதியத்துக்குள் ரத்தம், மலம், தைராய்டு, வயிற்று ஸ்கேன். சாயங்காலம் எல்லா ரிப்போர்ட்டும் வாட்ஸாப்பில் வந்துவிட்டன. மான்செஸ்டரில் ஒரு ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் நைஸ் வழிகாட்டிப்படி, அபாய அறிகுறி இல்லாமல் ஐபிஎஸ் தெளிவாகப் பொருந்தினால், உறுதிசெய்ய ஸ்கேனும் தைராய்டும் தேவையே இல்லை. ரத்த அணுக்கள், அழற்சி அளவு, கோதுமையால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, இவ்வளவு போதும். என் பில்லில் அந்த சீலியாக் மட்டும் இல்லை! மலப் பரிசோதனையைக் குறை சொல்ல மாட்டேன். ஜியார்டியா மாதிரி கிருமிகள் நம் பக்கம் சாதாரணம், பார்ப்பது நல்லதுதான்.

ஸ்பெஷலிஸ்ட் மோஷனைப் பற்றி எல்லாம் கேட்டார். எத்தனை தடவை, எப்படி, சாப்பிட்ட உடனேயா. அசதியைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "வெயில்ல மேடம், அங்கேர்ந்து வந்திருக்கீங்கல்ல" என்று முடித்துவிட்டார். வெளியே வந்தால் நர்ஸ் பெண், "ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்திக்கிடுங்கக்கா, தெம்பா இருக்கும்" என்கிறாள். அந்தப் பிள்ளை அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், ஊசிக்குத்தும் இல்லை. வயிற்றுக்கு இருக்கிற கவுன்டர் அசதிக்கு இல்லை என்பதால்தான் இந்த பாட்டில் அந்த இடத்தில் வந்து தொங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கே பார்க்கிற பழைய டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தூக்கம் எப்படி?" என்றுதான் தொடங்கினார். ராத்திரி வயிறு எழுப்பிவிடுகிறதா, எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் போனதா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இதில் எதற்காவது ஆமாம் என்றால் ஐபிஎஸ் என்று சும்மா இருக்கக்கூடாது, மேலே பார்க்கவேண்டும். எனக்கு எல்லாமே இல்லை. அடுத்து என் மாத்திரை. ராத்திரி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். முதலில் மனச்சோர்வுக்காக வந்த மருந்து. குறைந்த அளவில் குடல் வலிக்கும் உதவும். 463 ஐபிஎஸ் நோயாளிகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த சோதனையில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்தது, 2023இல் லான்செட்டில் வெளியானது. டாக்டர் சொன்னது எனக்குப் புதுசு. இந்த மருந்து வாயை உலர்த்துவது மட்டும் இல்லை, வேர்வையையும் குறைக்கும். நெல்லை வெயிலில் உடம்பு சூடு இறங்க வழியில்லாமல் இன்னும் தளரும். மத்தியானம் வெளியே போகாதே, மாத்திரையைப் படுக்கும்போது போடாமல் எட்டு மணிக்கே போடு, காலையில் மந்தம் குறையும் என்றார். குறைந்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் பத்து மணிக்கு எழுந்தவள் எட்டுக்கு எழுந்தேன். ஃபீஸ் 200 ரூபாய்.

1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. அங்கே புறநோயாளிப் பிரிவில் பசி, தூக்கம், சிறுநீர் என்று உடம்பை மொத்தமாகக் கேட்டது பிடித்திருந்தது. ஆனால் அமிட்ரிப்டிலினோடு சேருமா என்று உறுதியாகத் தெரியாத எதையும் நான் சாப்பிடுவதில்லை, அதனால் மருந்து வாங்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் எனக்குச் செய்த உதவியை இங்கிலாந்து ஹோட்டல் எதுவும் செய்ததில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் முறைப்படி, குடலில் புளித்து வாயு கிளப்பும் சில வகைச் சர்க்கரைகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும். எனக்கு ஆகாதவை வெங்காயம், பூண்டு, அதிகப் பருப்பு. இதை நோய் என்று சொன்னால் விவாதம் கிளம்பும். "கொஞ்சூண்டு பூண்டு வாயுவுக்கு நல்லதுல்லா" என்பார்கள். "விரதம்" என்றால் ஒரு கேள்வி கிடையாது. மெஸ்காரர், கல்யாண சமையல்காரர், அத்தை, எல்லாரும் தனியாக அடுப்பு வைத்துச் செய்தார்கள். எண்ணெய்க் கத்திரிக்காய், மிளகு ரசத்தின் தெளிவு, தயிர்சாதம். ஒரே எச்சரிக்கை பெருங்காயத்தூள். கடையில் கிடைப்பவை பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், கோதுமையிலும் அந்த வகைச் சர்க்கரை உண்டு. சிட்டிகை அளவு எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளை சொதிச் சாப்பாட்டில் மட்டும் விரதத்தை முறித்தேன். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாம் உள்ளே. மறுநாள் முழுக்கப் படுக்கைதான். அது தெரிந்தேதான் சாப்பிட்டேன், வருத்தம் இல்லை.

கல்யாணத்தில் முகூர்த்தம் விடியற்காலை. மண்டபத்தில் மாடியில் ஒரு அறையை எனக்கென்று மதினியிடம் முன்பே கேட்டு வாங்கிவிட்டேன். சாவி என் கையிலேயே இருக்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன், இல்லாவிட்டால் நகைப்பெட்டியும் சீர்தட்டும் வந்து கட்டிலில் ஏறிவிடும். தாலி கட்டி முடிந்ததும் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் படுத்தேன். அதனால்தான் சாயங்கால வரவேற்பில் நிற்க முடிந்தது. "லண்டன்காரி வந்து தூங்குதா" என்று ஒரு பெரியம்மா சொன்னதாகக் காதில் விழுந்தது. மான்செஸ்டர் லண்டன் இல்லை என்பதையே இன்னும் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை, மற்றதை எங்கே புரியவைக்க.

காரில் போகும்போது கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க் நல்லது. எண்ணெய் போடாவிட்டாலும் கேட்கலாம், ஆனால் சாவி பெரும்பாலும் பணம் வாங்குகிறவரிடம் இருக்கும். அவசரத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

கிளம்புமுன் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து போகிறவர்கள் பயணக் காப்பீடு எடுக்கும்போது ஐபிஎஸ்ஸையும் அமிட்ரிப்டிலினையும் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் ஆஸ்பத்திரிப் பில் உங்கள் தலையில் விழலாம். மாத்திரைகளை அதன் அட்டையோடு, டாக்டர் சீட்டின் நகலோடு, கைப்பையில் வையுங்கள். கல்யாண வீடு என்றால் மண்டப அறையைப் பற்றி டிக்கெட் போட்ட அன்றைக்கே பேசிவிடுங்கள்.